பார்டர் எங்கே தாத்தா?

"ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பணக்காரன் குளிர்டே. நம்ம ஊர் சாரல்தான் ஏழைக்கு ஆண்டவன் மாட்டிக் கொடுத்த ஏ.ஸி.!"

அப்பா அடிக்கடி சொல்லும் வசனம் இது. பிறந்தது செங்கோட்டை. வயது 80. இப்போது சென்னையில் எங்களோடு மூன்றாவது மாடியில் வாசம். ஜூன் மாதம் பிறந்துவிட்டால் போதும், பால்கனியில் நின்று மேற்கே பார்த்து மூக்கை உறிஞ்சுவார். "சாரல் வாசனை வருது" என்பார். எங்கள் வீட்டுக்கு மேற்கே இருப்பது ஒரு சலவைக் கடை!

போன ஜூலையில் இந்த வாசனைத் தொல்லை தாங்காமல் குடும்பத்தோடு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டோம். அப்பா, நான், என் தர்மபத்தினி, ஒன்பதாவது படிக்கும் பெரியவன், மூன்றாவது படிக்கும் சின்னவள். ஐந்து பேருக்கு ஒன்பது பைகள். (ஏன் என்று கேட்கிற தைரியம் எனக்குப் பதினாறு வருடமாக இல்லை.)

ராஜபாளையம் தாண்டியதுமே அப்பா ஜன்னலை விட்டு நகரவில்லை. தென்காசி வந்ததும் பேரப்பிள்ளைகளை எழுப்பிக் கோபுரத்தைக் காட்டினார். 180 அடி. பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய கோயில். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குப் பழுது வந்தால், அதைச் சரிசெய்பவர் யாராக இருந்தாலும் அவர் காலில் இப்போதே விழுகிறேன் என்று அந்த ராஜா கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் கோபுரம் இடி விழுந்து சிதைந்து, வெகுகாலம் மொட்டையாக நின்று, திரும்ப எழும்பிக் கும்பாபிஷேகம் கண்டது 1990-ல். ராஜாவுக்கு என்ன முன்யோசனை பாருங்கள்!

செங்கோட்டையில் இறங்கியதும் முகத்தில் பன்னீர் தெளித்த மாதிரி சாரல். குடை பிடித்தால் சிரிப்பார்கள், பிடிக்காவிட்டால் நனைவோம். அப்படி ஒரு மழை.

முதலில் வாஞ்சிநாதன் மணிமண்டபம். புனலூரில் காட்டிலாகா வேலையில் இருந்த செங்கோட்டைக்காரர். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டவர். "அப்ப அவருக்கு என்ன வயசு?" என்றான் பெரியவன். "இருபத்தஞ்சு" என்றேன். ஏதோ கணக்குப் போட்டவன், வெளியே வருகிற வரைக்கும் செல்போனை எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு சாதனை.

அடுத்து செண்பகாதேவி அருவிக்கு நடக்க வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். பேரருவிக்கு மேலே காட்டு வழி. பதினைந்து வயதில் சேக்காளிகளோடு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனாராம்.

"இப்ப அங்ஙன வனத்துறை விடமாட்டாக ஐயா" என்றார் கார் டிரைவர்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப திருமலைக் கோயிலுக்கு விடு. படி வழியா ஏறுவோம்" என்றார்.

எனக்குப் பகீர் என்றது. பண்பொழி திருமலைக் கோயிலுக்கு 500-க்கு மேல் படிகள். இப்போது மேலே வரை கார் போகும் ரோடு இருக்கிறது. "எண்பது வயசுல இதெல்லாம் தேவையாப்பா? முட்டி போச்சுன்னா யாரு பாக்கிறது?" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். அப்பா செருப்பைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டு ஏற ஆரம்பித்தார். மனைவியும் சின்னவளும் ஒன்பது பைகளும் காரில் போக, நாங்கள் மூன்று தலைமுறை படியில்.

நாற்பது படிக்கு ஒரு தரம் நின்றார். நின்ற இடத்தில் எல்லாம் கதை சொன்னார். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் கதை என்று எனக்குப் பாதி மலையில்தான் புரிந்தது. அதற்குள் எனக்கே மூச்சு வாங்கி, "அப்புறம் என்னாச்சுப்பா?" என்று நானே நின்று கேட்கத் தொடங்கிவிட்டேன். பெரியவன் மட்டும் மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனான். பதினாலு வயது!

உச்சியில் முருகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் மூன்று பக்கமும் மலை. கீழே வயல், தென்னை, மேக்கரைப் பக்கம் அடவிநயினார் அணை. அதன் உயரம் 132 அடி. இந்தப் பக்கத்துக் குண்டாறு அணையோ வெறும் 36 அடிச் சொச்சம். சீசன் வந்தால் முதலில் நிரம்பி வழிவது அந்தப் பொடியன்தான்!

தென்மேற்குப் பருவமழையைக் கேரளாவோடு நிறுத்திக்கொள்ளும் மேற்குத் தொடர்ச்சி மலை, ஆரியங்காவுப் பக்கம் மட்டும் தணிந்து வழி விடுகிறது. அந்தச் சந்து வழியாகத் தப்பி வருகிற ஈரக்காற்றுதான் நமக்குச் சாரல். 1904-ல் கொல்லத்துக்கு ரயில் விட்டவர்களும் அந்தச் சந்தைத்தான் பிடித்தார்கள். மீட்டர் கேஜ் 2010-ல் நின்று, அகலப் பாதையாக மாறி 2018-ல் திரும்ப ஓடத் தொடங்கியது. அதில் பதிமூன்று கண் பாலம் வரை போய் வர அப்பாவுக்கு ஆசை. நேரமில்லை.

குற்றாலத்துக்குப் போகிற வழியில் டிரைவர், "பார்டர் வந்தாச்சு" என்றார். சின்னவள் துள்ளி எழுந்து, "எங்கே மிலிட்டரி? எங்கே கம்பி வேலி?" என்று தேடினாள். வெளியே மரக்கடைகளும் பரோட்டாக் கடைகளும்தான் இருந்தன.

"பார்டர் எங்கே தாத்தா?"

அப்பாவுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. இது பிரானூர். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் மகாராஜா சீமை, தென்காசி பிரிட்டிஷ் சீமை. நடுவில் இதுதான் எல்லை. 1956 நவம்பர் 1-ல், கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்களோடு செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. "ராத்திரி திரு-கொச்சியில படுத்தேன். காலையில மெட்ராஸ் ஸ்டேட்ல முழிச்சேன். கட்டிலு அதேதான்!" என்றார் அப்பா. எல்லை புளியரைக்கு அந்தப் பக்கம் மலைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் பரோட்டாவைப் பிடித்துக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டது.

பேரருவியில் ஏமாற்றம். மேலேயிருந்து விழுகிற தண்ணீர் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்து, அதிலிருந்து வழிவதில்தான் ஜனங்கள் குளிப்பது. அன்றைக்கு அந்தக் கடல் கோபமாகப் பொங்கி, தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. போலீஸ் தடை. வேடிக்கை பார்த்த நேரத்தில் ஒரு குரங்கு என் மனைவியின் ஒன்பது பைகளில் ஒன்றைப் பிரித்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து, முகர்ந்து, முகம் சுளித்து, திருப்பி வைத்துவிட்டது. "எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... விடுங்கள்.

ஐந்தருவியில் விட்டார்கள். மனைவியும் சின்னவளும் பெண்கள் பக்கம். நாங்கள் வரிசையில் நின்று, தள்ளுமுள்ளில் நுழைந்து, கம்பியைப் பிடித்துத் தலையைக் கொடுத்தோம். ஆஹா! யாரோ ஆயிரம் பேர் அன்பாகக் குட்டுகிற மாதிரி. அப்பா கண்ணை மூடி, தோளைக் காட்டிக்கொண்டு நின்றார். சென்னைக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஐந்து நிமிடம் இருக்கும். அப்பா திடீரென்று கண்ணைத் திறந்தார். மேலே பார்த்தார். குனிந்து காலடியில் பார்த்தார். "ஏலே, வெளிய வாங்க" என்றார்.

"இப்பத்தானேப்பா வந்தோம்? இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கோம், இன்னும் அஞ்சு நிமிஷம்..." என்றேன் நான். படித்தவன்!

அப்பா என்னோடு விவாதிக்கவில்லை. பேரனின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். "வலிக்குது தாத்தா!" என்று அவன் அலறினான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே ஓடினேன். படி ஏறும்போது போலீஸ் விசில் விடாமல் ஊதியது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளையாக விழுந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. நாங்கள் நின்ற இடத்தில் ஒரு மரக்கிளை குதித்துப் போனது. எல்லோரும் தப்பு தவறில்லாமல் வெளியே வந்துவிட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து மனைவியும் சின்னவளும் ஈரத்தோடு ஓடி வருகிற வரைக்கும் எனக்கு வாய் திறக்கவில்லை.

"எப்படிப்பா தெரிஞ்சுது?"

"சருகு வந்துச்சுல்லா. அப்புறம் சுள்ளி வந்துச்சு. சத்தமும் கனத்துப் போச்சு. மேல மழைன்னு அர்த்தம்" என்றார், துண்டைப் பிழிந்துகொண்டே.

காரில் டிரைவர்தான் பேசினார். 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து, பதினேழு வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தானே, அதை. "அப்ப சீசனே தொடங்கலை ஐயா. நல்ல கோடை. மேல மலையில பெய்ற மழை கீழ குளிக்கிறவனுக்குத் தெரியவா செய்யும்?" என்றார். பெரியவன் தலையைத் தடவிக்கொண்டே தாத்தாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான்.

வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கினோம். பை எண்ணிக்கை பதினொன்று.

ராத்திரி பார்டர் கடையில் பரோட்டா. பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, கூட நாட்டுக்கோழி. மல்லிப்பொடி வாசனை என்று மனைவி சமையல் ஆராய்ச்சியில் இறங்க, சின்னவள் பரோட்டாவை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் இலையைப் பார்த்தேன். முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வலிக்குதாப்பா?"

"லேசா."

"தைலம் இருக்கா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"மூணாவது பையில இருக்கு. இதுக்குத்தான் ஒன்பது பை!" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்து, "இன்னும் ரெண்டு பரோட்டா சொல்லுடே" என்றார்.