வண்டிக்கு ஒரு மூஞ்சி

எங்க அப்பாவுக்குத் தெரிந்த இரும்பெல்லாம் கருக்கருவாளும் மண்வெட்டியும்தான். அதைத் தட்டி வாங்கக் கொல்லுப்பட்டறைக்குப் போனால் வெளியே புளியமரத்தடியில் நிற்கணும். அருவாளைத் தரையில் வைத்துவிட்டு அப்பா நாலடி தள்ளிக்கொண்டால் ஆசாரி வந்து எடுத்துப் போவார். வேலை முடிந்ததும் அதேமாதிரி தரைக்கு வரும். சின்னப்பயலாக நானும் பின்னாலேயே போய் நின்றிருக்கிறேன். உள்ளே துருத்தி மூச்சுவிடும், இரும்பு சிவந்து வரும். ஆசாரி வீட்டுப் பையன், என் வயசுதான், அந்த நெருப்பை ஒட்டிக் குந்தியிருப்பான். அவன்மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை.

1991இல் எட்டாவது தேறாமல் பெரம்பலூரில் ஒரு பாய் பட்டறையில் சேர்ந்தேன். பாய் என்னைக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "கண்ணு நல்லாத் தெரியுமாடா?" தெருவைக் கேட்கவில்லை. கோபம் வந்தால் சுத்தியல் காம்பாலேயே முட்டியில் போடுவார், அது வேறு. ஆனால் நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார். முதல் வாரமே கண்ணாடி இல்லாமல் வெல்டிங்கைப் பார்த்துவிட்டு ராத்திரியெல்லாம் கண்ணில் மணலை அள்ளிப் போட்டமாதிரி துடித்தேன். அம்மா உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் வைத்துக் கட்டிக்கொண்டு, "இந்த வேலை வேணாம்டா சாமி" என்று அழுதது. அடுத்தநாள் அழுக்குத்துணியைக் கட்டிக்கொண்டு திரும்பப் போனேன்.

இப்போது அரியலூர் பக்கம் எனக்கே ஒரு தகரக்கொட்டகை இருக்கிறது. டிப்பர் வேலைதான் அதிகம். எங்க பக்கத்து மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். இங்கே பூமிக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் இதெல்லாம் கடலுக்கு அடியில் கிடந்த இடம். ஏர் ஓட்டினாலே நத்தை மாதிரி, சிப்பி மாதிரி கல் கிடைக்கும். சின்ன வயசில் அதை வைத்துத்தான் பாண்டி ஆடுவோம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே படித்தவர்கள் வந்து வந்து பொறுக்கிப் போனார்கள். கல் இருந்தால் சிமெண்ட் வரும். 1979இல் அரியலூரில் அரசாங்கமே சிமெண்ட் ஆலை போட்டது. அப்புறம் தனியார் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆலை வந்தால் சுரங்கம், சுரங்கம் வந்தால் லாரி. லாரி வந்ததால் எனக்குச் சோறு. அப்பாவின் ஒண்ணேகால் ஏக்கர் கொல்லையும் ஒரு சுரங்கத்துக்குள்தான் போனது. புரோக்கர் ஒருத்தன் வந்து கைநாட்டு வாங்கிக்கொண்டு போனான். அது எந்த வகை நிலம், பஞ்சமர்களுக்கென்று 1892இல் சர்க்கார் ஒதுக்கச் சொன்ன நிலத்தில் சேர்ந்ததா என்று பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க அப்போது எங்களுக்குத் துப்பில்லை. கேட்டால் காட்டவும் ஆளில்லை.

2016 மாசி மாசம். ஒரு பழைய டாடா 1210 வண்டியை இன்னொரு லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முன்னால் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிற ரகம். டிப்பர் வேலையெல்லாம் முடிந்து, முதுகில் தண்ணீர்த்தொட்டியைச் சுமந்துகொண்டு சுரங்கத்துக்குள் தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கிற வண்டி. ரோட்டுக்கே வராது. பானெட், மட்கார்டு, ரேடியேட்டர் உட்காரும் சட்டம் எல்லாம் துரு தின்று அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. போதாததற்குக் கல் அள்ளுகிற மெஷினின் பக்கெட் வேறு மூக்கிலேயே இடித்திருந்தது. இஞ்சினும் ஆக்சிலும் நல்லா இருந்தன.

"புது மூஞ்சி வாங்கற வண்டி இல்ல இது. பைப்பு வச்சே கட்டிடு" என்றார் மேஸ்திரி.

பைப்பு வைத்து லாரிக்கு மூஞ்சி கட்டுவது ஒண்ணும் புதுசில்லை. அமெரிக்காவில், மெக்சிகோவில் பாலைவனத்தில் ஓட்டுகிற பந்தய லாரிகளுக்கு இப்படித்தான் குழாய்க்கூடு கட்டுகிறார்கள் என்று என் பட்டறைப் பையன் போனில் காட்டினான். பாஹா என்று ஒரு பந்தயம், 1967இலிருந்து நடக்கிறதாம். அவர்களுக்குக் குரோமியம் கலந்த லேசான குழாய் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது தண்ணீர்க்குழாய். ஆனால் அதிலும் தரம் இருக்கிறது. மஞ்சள் பட்டை போட்டது ஏ கிளாஸ், நீலம் பி, சிவப்பு சி. சி கிளாஸ் ஒன்றரை இஞ்சு பைப்பு வாங்கினேன். நாலு மில்லி கனம், ஒரு மீட்டருக்கு நாலே கால் கிலோவுக்கு மேலே நிற்கும். ஆறு மீட்டர் நீளத்தில் நாலு பைப்பு. ஜி.ஐ. பைப்பு வேண்டாம், கறுப்பு பைப்பே கொடு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு வாங்கினேன். மேலே துத்தநாகம் பூசின பைப்பில் வெல்டு வைத்தால் வெள்ளைப்புகை வரும். அன்னிக்கு ராத்திரியே குளிர்க்காய்ச்சல் தூக்கிப்போடும். பால் குடித்தால் சரியாப்போகும் என்பார்கள், எனக்குச் சரியானதில்லை.

வளைப்பதற்கு ஹைட்ராலிக் மெஷின் இருக்கிறது. ஆனால் மூக்கைச் சுற்றி வருகிற அந்தப் பெரிய வளைவுக்கு அச்சு இல்லை. பாய் சொல்லிக்கொடுத்த பழைய வழிதான். கொள்ளிடத்து மணலைச் சட்டியில் வறுத்து ஈரம் போக்கி, பைப்பின் ஒரு முனையை அடைத்து உள்ளே கொட்டி, தட்டித் தட்டி இறுக்கி, மறுமுனையும் அடைத்துவிட்டு, சிவக்கச் சூடாக்கி வளைக்கணும். மணல் உள்ளே தாங்குவதால் பைப்பு நசுங்காது. மணலில் ஈரம் இருந்தால் ஆவி கட்டி அடைப்பு துப்பாக்கிக்குண்டு மாதிரி தெறிக்கும். பைப்பில் நீளத்துக்கு ஓடுகிற தையலை வளைவின் வெளிப்பக்கமும் வைக்கக்கூடாது, உள்பக்கமும் வைக்கக்கூடாது. பக்கவாட்டில் இருக்கணும். அங்கேதான் இழுப்பும் இல்லை, நசுக்கலும் இல்லை.

பைப்போடு பைப்பு சேருகிற இடத்தில் முனையை மீன்வாய் மாதிரி வெட்டணும். காகிதத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி, அரத்தால் ராவி, வெளிச்சம் தெரியாத அளவுக்கு ஒட்டவைக்கணும். சந்து விட்டுவிட்டு வெல்டு ராடாலேயே ரொப்புகிறவர்கள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், சுரங்கத்தில் ஒரு மாசம் தாங்காது.

கஷ்டம் அதில் இல்லை. சேஸ் முறுக்கும். ஒரு சக்கரம் பாறைமேலும் இன்னொன்று பள்ளத்திலும் போகும்போது இரண்டு நீளச்சட்டமும் ஆளுக்கொரு பக்கம் திரும்பும். அப்படித் திரும்பத்தான் லாரியைச் செய்திருக்கிறார்கள். கூடு பலமாக இருக்கட்டும் என்று குறுக்கும் நெடுக்கும் பைப்பு கொடுத்துச் சேஸிலேயே வெல்டு வைத்துவிட்டால் கூடு முறுக்கத்துக்கு இணங்காது. ஒன்று வெல்டு விடும், இல்லையென்றால் வெல்டுக்குப் பக்கத்தில் சேஸே விரியும். நான் சேஸில் நெருப்பே வைக்கவில்லை. பழைய பம்பர் உட்கார்ந்திருந்த ஓட்டைகளிலேயே பத்து மில்லி பிளேட்டைப் போட்டுக் கெட்டி போல்ட்டால் முறுக்கினேன். கேபினில் வந்து பிடிக்கிற மேல் இரண்டு பைப்புக்கும் ஷாக் அப்சார்பர் புஷ் போட்டேன். ரேடியேட்டரை ரப்பர்மேல் உட்காரவைத்தேன். முன்கூட்டில் பாதியைக் கீல் வைத்துக் கதவுமாதிரி திறக்கும்படி செய்தேன். சுண்ணாம்புத் தூசியில் தண்ணீர் பட்டால் ரேடியேட்டர் சந்தெல்லாம் சேறாக அடைக்கும், தினமும் ஊதிக் கழுவணும். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் செய்தது. ஒன்பது நாள் ஆனது.

பத்தாவது நாள் முதலாளி வீட்டுச் சின்னவர் காரில் வந்தார். கூட்டைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பரவால்லயே" என்றார். அப்புறம்தான் கேட்டார்.

"உனக்கு எந்த ஊருப்பா?"

சொன்னேன்.

"அதுல எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே இருபத்தைந்து வருசமாகத் தொழில் செய்கிறேன். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் வாய் உலரும். "காலனிங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையன் வாங்கிவந்த டீ மட்டும் பானெட்மேலேயே ஆறிப் போனது.

போகும்போது டிக்கியைத் திறந்து ஒரு தகடு எடுத்துக் கொடுக்கச் சொன்னார். மூணு மில்லி தகட்டில் வெட்டின படம். அவர்கள் சாதிச் சங்கத்துச் சின்னம், கீழே சாதிப்பேர். இரண்டடி அகலம் இருக்கும். "நடு மூஞ்சில வச்சு வெல்டு அடிச்சிடு."

அந்த வண்டி தினமும் ஏறி இறங்குகிற பாதை எங்க அப்பா கொல்லை இருந்த இடம். அதில் ஓடப்போகிற வண்டிக்கு, நான் கட்டின கூட்டில், நானே அதை ஒட்டணும். அவர்கள் பேரில் எங்க தெருவில் கொளுத்தின கூரைகள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை. சொன்னது இதுதான்.

"வேணாங்க. ரேடியேட்டருக்கு நேரா தகடு வந்தா காத்து போவாது. இது மெதுவாப் போற வண்டி, தொட்டி நெறைய தண்ணியோட மேடு ஏறும். கொதிச்சிடும்."

பொய் இல்லை. வேகமாக ஓடுகிற வண்டிக்காவது எதிர்க்காற்று இருக்கும். முதல் கியரில் ஊர்கிற வண்டிக்கு விசிறி இழுக்கிற காற்றுதான் கதி. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது ஒரு கதவு மாதிரி இருந்தது. பின்னால் ஒளிந்துகொண்டேன்.

சின்னவர் என்னை ஒரு நிமிசம் பார்த்தார். "சரி, நீ வுடு" என்றார். கூலியில் ரெண்டாயிரம் பிடித்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார்கள். வேறு பட்டறையில் தகடு ஏறிவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. எனக்கு அப்போது நிம்மதிதான். நான் வைக்கவில்லையே.

சித்திரை வெயிலில் வண்டி கொதித்தது. ஓட்டினவன் எங்க காலனிப் பையன், என்னைச் சித்தப்பா முறை சொல்லிக் கூப்பிடுகிறவன். சுரங்கத்தின் மேட்டில் நிறுத்திவிட்டு, மேஸ்திரி அவசரப்படுத்தவும், சாக்கைப் போட்டு மூடியைத் திருகியிருக்கிறான். அழுத்தம் அடங்க அரைமணி நேரமாவது விடணும். ஆவியும் தண்ணீருமாக நெஞ்சிலும் வலது கையிலும் அடித்துவிட்டது. இரண்டுபேர் நடுவில் உட்காரவைத்து டி.வி.எஸ். வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

போய்ப் பார்த்தேன். வாழையிலைமேல் படுக்கவைத்திருந்தார்கள். எனக்கு மனசு தாங்காமல், அந்தத் தகட்டை நான் ஏன் ஒட்ட மாட்டேன் என்றேன், உண்மையில் என்ன காரணம் என்று சொன்னேன். சின்னவரிடம் சொல்லாததை அவனிடம் சொன்னேன். அவன் சந்தோசப்படுவான் என்றுகூட நினைத்தேனோ என்னவோ.

"அப்ப கொதிக்கும்னு சொன்னது சும்மாதானா சித்தப்பா?"

"இல்லடா. அதுவும் நெசந்தான்."

அவன் கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல. நான்தான ஓட்டுறேன்."

என்னிடம் பதில் இல்லை. அவன் அம்மா ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டு வந்தது. எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தது. குடித்தேன்.

2017 டிசம்பரில் ரோட்டில் ஓடுகிற வண்டிகளுக்கு முன்னால் இரும்புக் கார்டு மாட்டக்கூடாது என்று மத்திய அரசு எல்லா மாநிலத்துக்கும் எழுதியது. மோதினால் நடந்துபோகிறவனுக்கு ஆபத்தாம், நியாயம்தான். அதோடு எனக்கு அந்த வேலை குறைந்துபோனது. சுரங்க வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த வண்டியை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுவாரமே என் பட்டறைக்கே கொண்டுவந்தார்கள். கேஸ்கெட் மாற்றியிருந்தார்கள். கூட்டில் ஒரு வெல்டும் விடவில்லை, புஷ் எல்லாம் அப்படியே இருந்தன. மேஸ்திரிதான் வந்திருந்தார். "தகட்ட மட்டும் கழட்டிக் குடு, காத்து போவட்டும்" என்றார். வெல்டு வைத்தவன் நாலு மூலையிலும் நல்லா இழுத்து வைத்திருந்தான். கட்டிங் வீல் வைத்து அறுத்தேன். கடைசி மூலை விடும்போது தகடு தரையில் விழப் பார்த்தது.

"ஏய் ஏய், கீழ போட்டுடாத" என்று மேஸ்திரி ஓடிவந்து இரண்டு கையாலும் தாங்கினார். சூடாக இருந்ததில் கையை உதறிக்கொண்டார். அப்புறம் சாக்கு ஒன்று கேட்டார். கொடுத்தேன். அதில் சுற்றி, கொண்டுவந்திருந்த காரில், முன்சீட்டில் வைத்து எடுத்துப் போனார்.