மூன்றாவது துளை

கதை எழுதுகிறவனுக்கு மின்சார வேலையைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பல்பு மாற்றுவதற்கே பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிற ரகம் நான். ஆனால் என் அறியாமைக்கு உரிய தண்டனையை வேறொருவர் அனுபவித்த பிறகு, கற்றுக்கொண்டதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது தர்மமல்ல என்று தோன்றியது.

பாளையங்கோட்டையில் நாங்கள் இருக்கும் வீட்டை 2011-ஆம் வருஷம் வாங்கினேன். கட்டி ஏழெட்டு வருஷம் ஆன வீடு. சுவரில் வெடிப்பு உண்டா என்று நான் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள் என் மனைவி. வாசல் எந்தத் திசை என்று மாமனார் பார்த்தார். சுவருக்குள்ளே ஓடும் ஒயரை ஒருவரும் பார்க்கவில்லை. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் பத்து வருஷமாக வருகிறவர். 2022 ஆவணி வாக்கில் ஒருநாள், "அக்கா, இந்தத் துணி மெஷினத் தொட்டா எறும்பு கடிச்சாப்பல சுருக்குங்குது" என்று என் மனைவியிடம் சொன்னார். மனைவி என்னிடம் சொன்னாள். நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காலில் ரப்பர் செருப்பு இருந்தது என்பது அப்போது எனக்கு ஒரு செய்தியாகவே படவில்லை. "ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடு" என்று சொல்லிவிட்டு எழுதப் போய்விட்டேன். புரட்டாசியில் இன்னும் இரண்டு தடவை சொன்னாராம். ஆமாம், ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன்.

ஐப்பசியில் அடைமழை. மெஷின் இருக்கும் கொல்லைத் தாழ்வாரம் முழுவதும் ஈரம். வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடக்க மனசு வராமல், அந்த அம்மாள் நாங்கள் கொடுத்த செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். மெஷினுக்குள் கையை விட்டவர் விட்டபடியே நின்றார். குரல்கூட வரவில்லை. அவரைப் பிடித்து இழுக்க என் மனைவி ஓடினாள். "தொடாதேம்மா!" என்று கத்திக்கொண்டே என் பையன் போய் மெயினை இறக்கினான். அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். தொட்டிருந்தால் இரண்டு பேராகியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் இருதயத்தைப் படம் பிடித்துப் பார்த்து, ஆபத்தில்லை என்றார்கள். திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் அந்த அம்மாள் சொன்னது இதுதான்: "நான் சொன்னேம்லா ஐயா." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று மாலையே ஒயர்மன் அண்ணாச்சி ஒருவரை அழைத்து வந்தேன். லைசென்ஸ் உள்ளவர். நாற்பது வருஷமாக இதே தொழில். மெஷின் பக்கம் அவர் போகவே இல்லை. சுவரிலிருந்த பிளக்கைக் காட்டி, "சார், இதுல எத்தனை துளை?" என்று கேட்டார்.

"மூன்று" என்றேன்.

"ரெண்டு வழியா கரண்ட் வந்து போவுது. மூணாவது எதுக்கு?"

நாவல் எழுதுகிறவன் முழித்தேன். அவர் பையிலிருந்து ஒரு ஹோல்டரில் மாட்டிய பல்பை எடுத்தார். அதன் ஒரு ஒயரை ஃபேஸிலும் மற்றொன்றை நியூட்ரலிலும் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. நியூட்ரலிலிருந்து எடுத்து மேலே இருக்கும் பெரிய துளையில் வைத்தார். எரியவில்லை. "எர்த் இல்லை" என்றார். (இந்தப் பரீட்சையை வாசகர்கள் செய்து பார்க்க வேண்டாம்; அது பழகிய கை செய்கிற வேலை.)

மெயின் பெட்டியைக் கழற்றினார். வீடு முழுவதிலிருந்தும் வந்த பச்சை ஒயர்களெல்லாம் அங்கே ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றிக் கிடந்தன. "ரூமுக்கு ரூம் ஒழுங்கா இழுத்திருக்கான். மண்ணுக்குக் கொண்டு போவல. குழி தோண்டக் காசு கேட்டிருப்பான், கொடுத்திருக்க மாட்டாங்க. ஒண்ணா முறுக்கினதால, துணி மெஷின்ல கசிஞ்ச கரண்டு பிரிட்ஜ், கீஸர் எல்லாத்துக்கும் போயிருக்கு, பாத்துக்கிடுங்க."

பிரிட்ஜ் கதவில் எங்களுக்கும் எப்போதாவது சுருக்கென்றதுண்டு. காய்ந்த தரையில் செருப்புடன் நின்றதால் அதற்கு மேல் ஒன்றும் ஆகாமல் தப்பித்திருக்கிறோம்.

மறுநாள் கிணற்றடிக்கு அப்பால் குழி தோண்டி, எட்டடி நாகம் பூசிய குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறிப் போட்டு மூடினார். அந்த மண் ஈரமாக இருந்தால்தான் மின்சாரத்துக்கு வழி கிடைக்கும். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். சாதனத்தின் இரும்பு உடம்பில் மின்சாரம் கசிந்தால் அது ஆளின் வழியாகப் போகாமல் இந்த வழியாகப் போகும். இதனால்தான் மூன்று முள் பிளக்கில் மேல் முள் நீளமாக இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் முன்னால் உள்ளே போய், பின்னால் வெளியே வருகிறது. அந்த முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் செருகுகிற கெட்டிக்காரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

"அப்படியானால் இனி பயமில்லை" என்றேன்.

"பாதிதான் சார்" என்றார் அண்ணாச்சி.

எங்கள் பெட்டியில் எம்.சி.பி. வரிசையாக இருந்தது. அது போதும் என்று நினைத்திருந்தேன். அது காப்பாற்றுவது ஒயரை, மனிதனை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவுக்கு மேல் மின்சாரம் போனால்தான் விழும். ஆனால் ஓர் ஆளைக் கொல்ல ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். 60 வாட் குண்டு பல்பு இழுப்பது ஏறக்குறைய கால் ஆம்பியர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்களுக்கென்று உள்ளது ஆர்.சி.சி.பி. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சரியாக இருக்கிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் வீட்டை அணைத்துவிடும். ஆனால் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருவர் சேர்த்துத் தொட்டால் கணக்கில் குறைவு தெரியாது; அப்போது அதுவும் உதவாது.

வேலை செய்துகொண்டே அண்ணாச்சி சொன்னவற்றில் சிலவற்றைக் குறித்துக்கொண்டேன். சுவிட்ச் ஃபேஸ் ஒயரில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் வைத்துவிட்டால் விளக்கு அணைந்தாலும் ஹோல்டரில் உயிர் இருக்கும். 2,000 வாட் கீஸர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டக்கூடாது. 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்குக் குறையக்கூடாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை இறக்கினால் மட்டும் போதாது. இன்வெர்ட்டரையும் நிறுத்தாவிட்டால் பாதி வீட்டில் கரண்ட் இருக்கும். புது வீடு கட்டுகிறவர்கள் பூச்சுப் பூசுவதற்கு முன் சுவரில் குழாய் போகும் வழியைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் ஆணி அடிக்கும்போது உதவும்.

இதற்கெல்லாம் ஆன செலவு, அதற்கு முந்திய வருஷம் வீட்டுக்கு வர்ணம் பூசியதில் கால் பங்குகூட இல்லை.

அந்த அம்மாள் பத்து நாள் கழித்து வந்தார். அண்ணாச்சியை அன்று மறுபடி வரவழைத்து, புதுப் பெட்டியை அவருக்கே காட்டச் சொன்னேன். அதில் 'டி' என்று போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். இங்கிலீஷ் மாதம் முதல் தேதி காலையில், துணியை எடுப்பதற்கு முன்னால் நேரே பெட்டிக்குப் போய் அமுக்குகிறார். மின்விசிறி நிற்கிறது. நான் எழுதிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் அணைகிறது. ஒருமுறை அரை அத்தியாயமே போய்விட்டது.

"விழுந்துட்டு ஐயா" என்று அங்கிருந்து குரல் கொடுப்பார்.

"சரி அம்மா" என்பேன்.