பின்கழுத்து நம்பர்

உங்கள் பனியனின் பின்கழுத்தைப் புரட்டிப் பாருங்கள். 85, 90 என்று சின்னதாக ஒரு நம்பர் இருக்கும். அதே நம்பர் அட்டைப்பெட்டியின் மேலும் இருக்கும். பெட்டி மாறிப்போகலாம், கழுத்தில் இருப்பது மாறாது. திருப்பூரில் சின்னப் பையனுக்கும் தெரிந்த இந்த விஷயம், சாஃப்ட்வேர் எழுதுகிற எனக்கு உறைக்க ரொம்ப நாளாயிற்று.

அங்கே சில பனியன் கம்பெனிகளின் சம்பளக் கணக்குக்காக ஒரு 'லைப்ரரி' எழுதிக் கொடுத்திருந்தேன். புத்தகம் அடுக்குகிற லைப்ரரி அல்ல. எலாஸ்டிக்கை வெளியே வாங்கித் தைக்கிறார்களே, அதுபோல மற்ற ப்ரோகிராம்கள் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ரெடிமேட் துண்டு. வெர்ஷன் 1.2.

ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்களுக்கு அது சில சமயம் அரை ஷிப்ட்டை முழுங்கியது. ஒரே வரியில் திருத்தி அனுப்பினேன். ஒரு வரிக்கு எதற்குப் புது நம்பர் என்று, சோர்ஸ் கோடில் இருந்த 1.2-ஐ அப்படியே விட்டுவிட்டேன். 'இது புதுசு' என்று மெயிலில் மட்டும் எழுதினேன். அதாவது, பெட்டியின் மேல் மட்டும்.

ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் மாற்றியபோது பழைய ஃபைலை ஏற்றிவிட்டார்கள். சனிக்கிழமை சம்பளத்தில் அரை ஷிப்ட் குறைகிறது என்று செக்கிங் பார்க்கிற ஓர் அம்மா கேட்க, கணக்குப் பார்க்கிற பெண் எனக்குப் போன் போட்டாள்.

"எந்த நம்பர் காட்டுது?"

"1.2-ங்க சார்."

"அப்ப சரியாத்தாம்மா இருக்கும்."

அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. நேரில் போனேன். அந்த அம்மா ஒரு பழைய நோட்டை நீட்டினார். "ஏனுங் தம்பி, நான் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன். உங்க கம்ப்யூட்டர் எழுதி வெச்சிருக்குதுங்களா?"

இல்லை. பாக்கிப் பணம் மறுநாளே கொடுக்கப்பட்டது. ஆனால் இரண்டு வாரமாக 'அவதான் அமுக்கறா' என்று பேச்சு வாங்கிய அந்தக் கணக்குப் பெண்ணுக்கு நான் எதைத் திருப்பிக் கொடுப்பது?

ஃபைல்களைச் சுருக்க உதவும் 'ஸீலிப்' என்றொரு லைப்ரரி 1995-ல் வந்தது. எழுதியவர்கள் ழான்-லூ கயி, மார்க் ஆட்லர். அதன் ஹெடர் ஃபைலில் வெர்ஷன் நம்பர் எழுதியிருக்கும். கூடவே, 'நீ எந்த வெர்ஷன்?' என்று கேட்டால் லைப்ரரியே பதில் சொல்ல ஒரு ஃபங்ஷனும் உண்டு. வேலை தொடங்கும்போது இரண்டையும் ஒப்பிட்டு, முதல் இலக்கம் ஒத்துப்போகவில்லை என்றால் 'முடியாது' என்றுவிடும்.

பொதுவாக மூன்று எண்கள் வைப்பார்கள். முதலாவது மாறினால் பழையதோடு ஒத்துப்போகாது, உஷார். இரண்டாவது, புது வசதி. மூன்றாவது, பிழை திருத்தம். என் ஒரு வரி அந்த மூன்றாவது ரகம். 1.2.1 என்று போட்டிருந்தால் போனிலேயே முடிந்திருக்கும்.

இப்போது நம்பரை சோர்ஸ் கோடில் ஒரே இடத்தில் எழுதுகிறேன். மற்ற இடங்களெல்லாம் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். சம்பளச் சீட்டின் அடியிலும் அது அச்சாகிறது.

அந்த அம்மா அதைப் பார்ப்பதே இல்லையாம். இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார். எழுதட்டும்.