குதிகாலை மறைத்த சேலை

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். அரை ஏக்கர் சொந்த நிலம். அது போக நடவு, களை என்று கூலிக்கும் போகிறவர் அந்த அம்மா. வயது 48. விசேஷ வீடுகளில் உட்கார்ந்தால் முதல் வேலையாகச் சேலைக் கரையை இழுத்துக் குதிகாலை மூடிக்கொள்வார். பாளம் பாளமாக வெடித்த கால். இரவில் போர்வை நூல் அதில் மாட்டி இழுக்கும்.

ஊரில் அதற்குப் பித்தவெடிப்பு என்று பெயர். பித்தத்துக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் ஒன்றும் இல்லை. குதிகால் தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பி கிடையாது. நாள் முழுக்கச் சேற்றில் ஊறிய தோல், வரப்பில் ஏறியதும் காய்கிறது. காய்ந்து தடித்த தோல் வளைந்து கொடுக்காது. உடம்பின் பாரம் இறங்கும்போது குதிகாலின் சதை பக்கவாட்டில் பிதுங்க, ஓரம் வெடிக்கிறது. கோடையில் வயல் வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

போன சம்பா நடவின்போது வலது காலில் ஒரு வெடிப்பு ஆழமாகி ரத்தம் கசிந்தது. பிளேடால் தோலைச் சீவினார். மெழுகை உருக்கி ஊற்றினார். மூன்றாம் நாள் கால் வீங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது. நடவு மும்முரமாக இருந்த நேரம். 12 நாள் கூலி போனது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புண்ணைக் கழுவி, ரணஜன்னி ஊசி போட்டு, கூடவே ரத்தமும் எடுத்தார்கள். சர்க்கரை இருந்தது. அதுவரை அவருக்கே தெரியாது. "ஏம்மா, இந்தக் கால்ல பிளேடு வெக்கலாமா? சர்க்கரை இருந்தா புண்ணு ஆறுறது கஷ்டம். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணி வெடிப்பு வழியா போனா எலிக்காய்ச்சலும் வரும்" என்று நர்ஸ் திட்டினார். திட்டியதோடு விடாமல், செய்ய வேண்டியதையும் சொல்லி அனுப்பினார்.

புண் ஆறும்வரை வயலில் இறங்கக் கூடாது. ஆறிய பிறகு, இரவு படுக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவ வேண்டும், ஊற வைக்கக் கூடாது. சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது, கையால்தான். சர்க்கரைக்காரர்களின் காலுக்குச் சூடு தெரியாமல் போகலாம். உப்பு வேண்டாம், அது இன்னும் காய வைக்கும். தடித்த இடத்தை மட்டும் கல்லால் மெல்லத் தேய்த்து, விரலிடுக்கு உட்பட ஈரம் துடைத்து, ஈரப்பசை போவதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ குதிகாலில் தடவி, பருத்தி காலுறை போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். விரலிடுக்கில் எண்ணெய் வேண்டாம்.

எழுதிக் கொடுத்த களிம்பின் அட்டையில் யூரியா என்று இருந்தது. வீட்டுக்காரர், "கொட்டாயில ரெண்டு மூட்டை கெடக்கே, இதுக்கு எதுக்குக் காசு?" என்றார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். மகள் பதறிப்போனாள். பொருள் ஒன்றுதான், ஆனால் களிம்பில் இருப்பது சுத்தம் செய்து அளவாகக் கலந்தது. உர மூட்டையைக் கரைத்துக் காலில் பூசினால் புண்தான் மிஞ்சும்.

அடுத்தது செருப்பு. அதுவரை போட்டது தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. குதிகால் பாதி தரையில்தான் இருக்கும். மகள் அவரைச் சாயங்காலமாகக் கடைக்குக் கூட்டிப்போனாள். நாள் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்த்தால்தான் பிறகு இறுக்காது. கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது இரண்டு அங்குலக் குதி வைத்தது. "கல்யாணம் காட்சிக்குப் போட்டுக்கலாம்மா." அந்த அம்மாவுக்கும் அதன்மேல் ஒரு கண். போட்டு நான்கு அடி நடந்தார். பாரமெல்லாம் முன்பாதத்தில் இறங்கி, விரல்கள் நெரிந்தன. கழற்றிவிட்டார்.

கடைசியில் எடுத்தது ஒரு அங்குலத்துக்கும் குறைந்த, அகலமான குதி. பின்னால் வார், குதிகாலை ஏந்துகிற மாதிரி சின்னக் குழிவு, கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குல இடம். மகள் அதை வளைத்துப் பார்த்தாள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தது, நடுவில் மடியவில்லை. உள்ளே கையை விட்டு, ஆணி, தையல் எதுவும் குத்தவில்லை என்றும் பார்த்துக்கொண்டாள். விலை 420 ரூபாய். "ஏண்டி, ஒரு நாள் கூலியாச்சே" என்று முனகிக்கொண்டேதான் காசைக் கொடுத்தார்.

சேற்றில் செருப்பு உதவாது. அதனால் இறங்கும் முன் குதிகாலில் வாசலின் தடவிக்கொள்கிறார். ஏறியதும் வாய்க்காலில் கழுவாமல், வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீரில் கழுவித் துடைத்து, வரப்பில் கிடக்கும் செருப்பை மாட்டிக்கொள்கிறார். நான்கைந்து வாரத்தில் வெடிப்பு மூடிவிட்டது. தடிப்பு இன்னும் இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை தனியாக ஓடுகிறது.

இப்போது அவர் கண் வீட்டுக்காரர் காலில். அங்கேயும் வெடிப்புதான், கேட்டால் "ஆம்பளைக் காலு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். கட்டிலுக்கு அடியில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் வைத்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் மூடி திறக்கவில்லை.