ஏடு போன வழியில் எங்கள் நாய்

நாயையும் அழைத்துக்கொண்டு விடுமுறைப் பிரயாணம் போக உத்தேசித்திருக்கிறேன் என்று சொன்னால், சிம்மக்கல்லில் சிரிக்காமல் கேட்பவர்கள் வெகு சிலரே. ஆசிரியர் அறையில் இந்தச் சமாசாரம் வெளியான அன்று சரித்திர ஆசிரியர் எழுந்து நின்று, "தருமபுத்திரர் வருகிறார், வழி விடுங்கள்!" என்றார். கணக்கு ஆசிரியர், நாய்க்கு அரை டிக்கட்டா முழு டிக்கட்டா என்று விசாரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் தருமபுத்திரர் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நாயை விட்டுவிட்டு ரதத்தில் ஏறு என்று சொன்ன இந்திரன், ரதத்தை நிறுத்தி வைத்துக்கொண்டாவது வாதாடினான். மலை ஊர் ஒன்றில் நான் தொலைபேசியில் விசாரித்த விடுதிக்காரரோ, "நாய்" என்ற சொல் காதில் விழுந்த க்ஷணமே பேச்சை முடித்துவிட்டார்.

எங்கள் மணி சிப்பிப்பாறை ஜாதி. மதுரைக்குத் தெற்கே கரிசல் பூமியில், முயல் வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். கூரிய முகம், ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். ராஜபாளையம், கன்னி, கோம்பை என்று இந்த இனத்துக்கு அக்கம் பக்கத்திலேயே உறவினர் உண்டு. 2005-ஆம் வருஷம் தபால் இலாகா நம் நாட்டு நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது, ராஜபாளையத்துக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது. ஆனாலும் நம் தெருக்களைப் பாருங்கள்! உறைபனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கி நாய், சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு மாடியில் கிடக்கிறது. அந்நியத் துணியைக் கொளுத்திய தேசத்தில் அந்நிய நாய்க்கு இவ்வளவு மோகம் எப்படி வந்ததென்று எனக்கு விளங்குவதில்லை.

மணிக்கு இப்போது ஒன்பது வயது. அவனைக் குட்டியாகச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த என் பையன், வருகிற ஆனி மாதம் கல்லூரிப் படிப்புக்கு வெளியூர் போகிறான். நாலு வருஷப் படிப்பு. அவன் முடித்துத் திரும்பும்போது மணிக்குப் பதின்மூன்று வயதாகவேண்டும். நாய் வளர்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை நான் மேலே போட்டுக் காட்டவேண்டியதில்லை. வீட்டிலும் நாங்கள் யாரும் அதைப் பேசுவதில்லை. அரையாண்டுப் பரீட்சை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வந்தபோது, "மணி வந்தால் வருகிறேன்" என்று மட்டும் பையன் சொன்னான்.

என் மனைவிக்கு அப்போதே கோபம் வந்தது. "ஏங்க, நமக்காக நாய் வருதா, இல்லை நாய்க்காக நாம போறோமா? அதை முதலில் சொல்லுங்க" என்றாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பத்து நாட்களாக ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் இது ஒரு கேள்வியே அல்லவாம். அங்கே கிராமத்து வயல்களின் ஊடே எவரும் நடக்கலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்ட ஒற்றையடிப் பாதைகள் உண்டு. அவை சும்மா கிடைத்தவை அல்ல. 1932-ஆம் வருஷம் கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேட்டில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் ஜமீன்தார்களின் தடையை மீறி ஏறினார்கள். சிலர் சிறை சென்றார்கள். நம்மவர்கள் உப்புக் காய்ச்சிச் சிறை சென்றதற்கு இரண்டு வருஷம் பிந்தி! 1949-லும் 2000-லும் சட்டங்கள் வந்தன. பின்னதன்படி, பொதுவில் திறந்துவிட்ட மேட்டு நிலங்களில் மார்ச் முதல் ஜூலை முடிய நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடிக்கவேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக இந்த ஏற்பாடு. நடந்து களைத்தவர்கள் கிராமத்து மதுக்கடையில் உட்காருவார்கள். வாசலில் நாய்க்கு ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கும்.

நமக்கு அந்த மதுக்கடை ஒத்துவராது. என் பாட்டனார் தலைமுறை கள்ளுக்கடை மறியல் செய்த தலைமுறை. ஆனால் அந்தத் தண்ணீர்க் கிண்ணம் நமக்குப் புதிதல்ல. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட மங்கம்மாள், சாலையும் சத்திரமும் அமைத்துப் பேர் பெற்றவள். தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி, மாடு தினவு தீர உராய ஆவுரிஞ்சிக் கல், தண்ணீர் குடிக்கக் கல்தொட்டி என்று வழிநெடுக தர்மம் செய்தவர்கள் நம் முன்னோர். அந்தத் தொட்டியில் நாய் வாய் வைத்தால் யாரும் அடித்து விரட்டியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கே போவது? பையன் முதலில் சிறுமலை என்றான். பிறகு அழகர்மலை என்றான். இரண்டையும் அடித்துவிட்டேன். காப்புக் காட்டில் அனுமதி இல்லாமல் இரவு தங்கக்கூடாது என்பது ஒரு காரணம். சிறுத்தை நடமாடும் காட்டில் நாயைக் கட்டிவைப்பது இலை போட்டு அழைப்பதற்குச் சமானம் என்பது இரண்டாவது. முக்கியமான காரணம் வேறு. நம் நாய்க்குச் சிறுத்தையால் வரும் ஆபத்தைவிட, காட்டுப் பிராணிகளுக்கு நம் நாயால் வரும் ஆபத்து பெரிது. 1994-ஆம் வருஷம் ஆப்பிரிக்காவில் செரங்கெட்டிக் காட்டுச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு, டிஸ்டெம்பர் என்ற நாய் வியாதியால் மாண்டது. சுற்றுப்புறக் கிராமங்களின் வளர்ப்பு நாய்களிடமிருந்து பரவியது என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். 2022-ல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்கு மணி இல்லாமல் போய்வருவதே மரியாதை.

மலை இல்லையென்றால் ஆறு. எங்கள் தெருவிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் பேச்சியம்மன் படித்துறை. அங்கிருந்து வைகையை எதிர்த்து மேற்கே நடந்தால் கோச்சடை, துவரிமான், மேலக்கால், பாலத்தைக் கடந்தால் திருவேடகம், அப்பால் சோழவந்தான். மொத்தம் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சம்பந்தப் பெருமான் ஆற்றில் இட்ட ஏடு, வெள்ளத்தை எதிர்த்து ஏறிப் போய் ஒதுங்கிய இடம் திருவேடகம் என்பது புராணம். ஏடு போன வழியிலேயே நாங்களும் போகலாமே! இரண்டு இரவு, மூன்று பகல். ஏடு எத்தனை நாழிகையில் போயிற்றோ, ஒன்பது வயது நாய்க்கு அவ்வளவு அவசரம் கூடாது.

இந்த இடத்தில்தான் மனைவியின் கேள்விக்குப் பதில் தென்பட்டது. நாய் வருகிறதென்றால் பிரயாணத்தின் கடிகாரம் நாயின் உடம்புதான். நாம் தேகமெங்கும் வியர்க்கிறோம். நாய்க்குப் பாதத்தில் மட்டுமே வியர்வை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ளவேண்டும். மார்கழியில்கூட மதுரையில் நடுப்பகல் 30 டிகிரியை எட்டும். தார் ரோட்டில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அங்கே நாயை நடத்தக்கூடாது. ஆகவே விடியுமுன் ஐந்து மணிக்குப் புறப்பாடு, ஒன்பது மணிக்குள் நிழல், மாலை நாலரைக்குமேல் மறுபடியும் நடை. எட்டு மணி வரை போர்த்திக்கொண்டு தூங்கும் விடுமுறைக்கு இதில் இடம் கிடையாது.

தண்ணீர் விஷயம் அடுத்தது. 18 கிலோ எடையுள்ள மணிக்குச் சும்மா இருக்கும் நாளிலேயே ஒரு லிட்டர் வேண்டும். நடக்கும் நாளில் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்கிறேன். ஆறு பக்கத்தில்தானே என்பீர்கள். ஊருக்குள் ஓடும் வைகையில் எதெது கலக்கிறதென்று சிம்மக்கல்வாசிக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வயல் வாய்க்காலிலும் எலியின் மூத்திரத்தால் பரவும் காய்ச்சல் ஒன்று உண்டு. அதற்கும் வெறிநோய்க்கும் தடுப்பூசி போட்டு, மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டைப் பையில் வைத்தாயிற்று.

சாப்பாட்டில் என் மனைவிக்கே ஆச்சரியம் காத்திருந்தது. வெங்காயம் நாயின் ரத்தத்தைச் சிதைக்கும். வெந்தாலும் அதன் விஷம் போவதில்லை. அப்படியானால் சாம்பார் சாதம் இல்லை, பிரியாணி மிச்சம் இல்லை, டீக்கடை வடையும் இல்லை. திராட்சையும் சாக்லேட்டும் அவ்வாறே. வேகவைத்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். தயிர்ச் சாதம், அவித்த முட்டை, கேப்பைக் கூழ் இவை போதும். சாப்பிட்ட உடனே ஓட்டம் கூடாது. ஆழ்ந்த மார்புள்ள இந்த ஜாதிக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

இனி டீக்கடை. எங்கள் பிரயாணத்தின் சத்திரமும் கிளப்பும் அதுதான். விறகுப் புகை, வாசல் பெஞ்சு, ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்கும் பத்திரிகை. இவற்றுக்காகவே பத்து மைல் நடக்கலாம். ஆனால் ஒவ்வொரு டீக்கடைக்கும் சொந்தமாக ஒரு நாய் உண்டு. பெஞ்சுக்கு அடியில் படுத்திருக்கும் அதுவே அந்த இடத்தின் பட்டாதாரர். நேரே போய் நிற்பது அதன் வீட்டுக்குள் கேட்காமல் நுழைவதாகும். இருபது அடி தள்ளி மரத்தடியில் ஒருவர் மணியுடன் நிற்க, மற்ற இருவர் போய் டீ குடிப்பது; பிறகு ஆள் மாற்றிக்கொள்வது. தேங்காய்ச் சிரட்டை ஒன்று கையோடு வருகிறது. கடைக்காரரின் தம்ளரை நாய்க்கு நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும்.

கிராமத்தில் எதிர்ப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "கடிக்குமா?" என்பதுதான். "சேச்சே, ஒண்ணும் செய்யாது!" என்று நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் பதிலைப்போல் உதவாத பதில் வேறில்லை. கேட்டவருக்கு எத்தனை தடவை அந்தப் பதிலை நம்பிக் கடி வாங்கிய அனுபவமோ! கேள்வி வரும்போதே கயிற்றைச் சுருக்கிப் பிடித்து ஒதுங்கி நிற்பதுதான் பதில். எந்த நாய் கடித்தாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதைப் பையனுக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறேன்.

மார்கழியில் இன்னொரு விசேஷம். அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் மூன்றுக்கும் தை பிறந்ததும் ஜல்லிக்கட்டு. இந்தப் பக்கத்து ஊர்களில் மண்மேட்டைக் குத்தியும் நீந்தியும் காளைகள் பழகிக்கொண்டிருக்கும். அவற்றின் முன்னால் வேட்டை நாயோடு போய் நிற்பது வீரமல்ல. மயில் வேறு இருக்கிறது! துவரிமான் கண்மாய்க் கரையில் மயிலைக் கண்டால் மணியின் ஒன்பது வயது இரண்டாகிவிடும். மயிலும் முயலும் சட்டப்படி காப்பாற்றப்பட்ட ஜீவன்கள். ஆகவே மூன்று நாளும் கயிறு கழலாது. ஓடப் பிறந்தவனை ஓடவிடாமல் அழைத்துப் போவதில் எனக்குச் சங்கடம் உண்டு. வேலியிட்ட தோப்பு ஒன்றில், அதுவும் சொந்தக்காரர் சம்மதித்தால், அரைமணி நேரம் அவிழ்த்துவிடலாம் என்று பையன் ஆசைப்படுகிறான்.

அந்தச் சம்மதம் கேட்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான் பக்கம் பஸ்ஸில் போய்வந்தேன். இங்கிலாந்துக்காரருக்குச் சட்டம் வழிவிடுகிறது. நமக்கு வரப்பின் சொந்தக்காரர்தான் வழிவிடவேண்டும். தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் நிறைந்த பூமி அது. அந்த வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலுக்குள் எந்த நாயும் கால் வைக்கக்கூடாது என்பது தோப்புக்காரப் பெரியவரின் முதல் நிபந்தனை. தேங்காய் விழும் மரத்தடியில் கூடாரம் அடிக்கக்கூடாது என்பது இரண்டாவது. விரியன் பாம்பு உண்டு, இரவில் டார்ச் விளக்கு இல்லாமல் இறங்காதீர்கள் என்பது மூன்றாவது. வாடகை என்ன என்று கேட்டேன். முகம் சுளித்தார். "வாத்தியாரய்யா, தோப்பை வாடகைக்கா விடுவாங்க? ஆமா, எந்த ஜாதி நாய்?" என்றார். சிப்பிப்பாறை என்றேன். அவர் சிறுவயதில் வீட்டில் ஒன்று இருந்ததாம். அரைமணி நேரம் அதன் பெருமையைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது.

திரும்பிவர, நாயை ஏற்ற இசைந்த சிறு வேன் ஒன்றைப் பேசியிருக்கிறேன். தூரதேசம் போகிறவர்களுக்கு ரயில் உண்டு. குளிர்சாதன முதல் வகுப்பில் ஓர் அறையை முழுதும் பதிவு செய்தால் நாய் கூட வரலாம், இல்லையேல் கார்டு வண்டியின் நாய்ப் பெட்டிதான். அந்த இரும்புப் பெட்டியை ஒரு தரம் எட்டிப் பார்த்திருக்கிறேன். மணிக்கு அது வேண்டாம்.

நேற்று இரவு நோட்டுப் புத்தகத்தை மனைவியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தாள். சாம்பார் சாதத்தை அடித்த இடத்தில் மட்டும் புருவம் உயர்ந்தது. கடைசிப் பக்கத்துச் சாமான் ஜாபிதாவை இரண்டு தரம் பார்த்தாள். "தோப்பிலே பனி இறங்கும். அதன் உடம்பிலே மயிரே கிடையாது, எதைப் போர்த்துவீங்க?" என்று கேட்டாள். எனக்குத் தோன்றவில்லை. எழுந்து போய்ப் பரணிலிருந்து பையனின் பழைய கம்பளிச் சட்டையை எடுத்து வந்தாள். மணியை அருகே அழைத்து, அதன் கைகள் இரண்டையும் எங்கே வெட்டவேண்டும் என்று அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.