நூலின் பலம்

மலைப் பிரயாணத்துக்கு வேண்டிய முதுகுப்பையையும் மழைக்கூரையையும் வீட்டிலேயே தைத்துக்கொள்ள முற்படுகிறவர்கள், துணியின் நிறத்திலும் கனத்திலும் செலுத்துகிற சிரத்தையில் நாலில் ஒரு பங்கையேனும் நூலின்மீது செலுத்துவதில்லை என்பது வெகுகாலமாக என் மனத்தை உறுத்திவரும் விஷயம். நல்ல துணி பல்லாண்டு உழைக்கும். மூட்டுத்தான் முதலில் விட்டுப்போகும்.

வீட்டுத் தையல் இக்காரியத்துக்குப் போதாது என்பாரும் உண்டு. 1952இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிக் கெல்டி தம் இல்லத்தில் அலுமினியச் சட்டங்களைச் செய்துகொடுக்க, அவர் மனைவி நேனா பைகளைத் தைத்தார் என்பதும், மலையேறுவோர் பின்னாளில் விரும்பிச் சுமந்த கெல்டி பைகளுக்கு அதுவே ஆரம்பம் என்பதும் அவர்களுக்குப் போதுமான பதில்.

பழைய கித்தான் கூடாரங்களைப் பருத்தி நூலால் தைத்ததற்குத் தக்க காரணம் இருந்தது. ஈரம் பட்டவுடன் அந்நூல் பருத்து, ஊசி துளைத்த துவாரத்தைத் தானே அடைத்துக்கொண்டு, மழைநீர் உள்ளே கசியாதபடி காத்தது. ஆனால் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து இற்றுப்போவதும் அதே நூல்தான். மழைக்காலத்தில் கட்டிய துணியே உலராத நம் மேற்குமலைகளுக்கு, என் அபிப்பிராயத்தில், அது ஏற்றதன்று. நைலான் மிகுந்த பலமுடையது. இழுத்தால் நீண்டுகொடுத்து, திடீரென விழும் சுமையையும் தாங்கும். எனினும் வெயிலில் நாள்பட நாள்பட வலுக்குன்றுவதும், நனைந்தால் தளர்வதும் அதன் ஸ்வபாவம். பாலியெஸ்டரோ நீரை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. சூரிய கிரணங்களையும் நைலானைவிட நன்கு பொறுத்துக்கொள்ளும். ஆகவே பையானாலும் கூடாரமானாலும் நான் பாலியெஸ்டர் நூலையே நாடுகிறேன். கண்டின்மேல் ஒட்டிய சீட்டு கிழிந்துபோய், உள்ளே இருப்பது எந்த நூலென்ற சந்தேகம் எழுந்தால், ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தால் போதும்: பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் கெட்டியான சிறு உருண்டையாக நிற்கும்.

நூல் எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவும் நன்மை என்று எண்ணுவது இயல்பு; ஆனால் துணியைவிட நூல் சற்றுப் பலங்குறைந்திருப்பதே மேல். தாங்கவொண்ணாத பாரம் வந்து நூல் அறுந்தால், வழியிலே ஒரு பாறைமேல் அமர்ந்து கைத்தையல் போட்டுவிடலாம். துணியே கிழிந்துவிட்டால் பிரயாணம் தடைப்படும். தோள்வார் ஒன்றே இதற்கு விலக்கு. அங்கே நாடாவின் நுனியைச் சதுரமாகச் சுற்றித் தைத்து, நடுவே பெருக்கற்குறி போல இருமுறை ஓட்டிவிடுவது அவசியம். மெல்லிய நைலான் துணியிலோ தையல் நெருங்கலாகாது. நெருங்கினால் தபால்தலைத் தாளின் துளைவரிசை போலாகி, அவ்விடத்திலேயே துணி பிரிந்துவிடும். அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துத் தையல் போதும். அதற்கு 11ஆம் நம்பர் ஊசி. தடித்த கித்தானுக்கு 16 அல்லது 18.

துணியை வெட்டுமுன் வாசகர்கள் இதை மட்டும் தயவுசெய்து செய்துபார்க்க வேண்டும்: இரண்டு துண்டுத்துணிகளை எடுத்து, வாங்கிய நூலாலேயே மூட்டி, இரு கைகளாலும் பலமாக இழுங்கள். துணி முதலில் கிழிந்தால் நூலை மாற்றுங்கள்.