எண்ணிப் பாராத தாள்கள்

பேகம்பூரில் எங்கள் வீட்டு உள்ளறைச் சுவரில் ஓர் ஆணி உண்டு. ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் அடங்கிய துணிப்பை நெடுங்காலம் அதில் தொங்கிற்று. 1987ஆம் ஆண்டில் அந்தப் பைக்குள் புதிதாக ஒரு கட்டுச் சேர்ந்தது. என் தம்பியின்மீது தொடரப்பட்ட குற்ற வழக்கின் நகல்கள் அவை.

தம்பி அப்போது தோல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதிவந்தான். கிடங்கிலிருந்து தோல் கட்டு ஒன்று காணாமற்போயிற்று. சாவி அவனிடம் இருந்தது என்றார்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகி அவன் நீதிமன்றத்தில் நின்ற அன்று நகல் கட்டைக் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையொப்பமும் வாங்கினார்கள். உடன் சென்றவன் நான். "போடு" என்று சொன்னவனும் நானே. நாலெழுத்துப் படித்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு. ஆயினும் அத்தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தா அவற்றை வாங்கிப் பத்திரமாகப் பையில் வைத்துவிட்டார்கள். எழுத்து என்றால் எங்கள் குடும்பத்தில் அச்சம் கலந்த மரியாதை.

ஓராண்டு வாய்தாவிலேயே கழிந்தது. சாட்சி விசாரணை நெருங்கிய வேளையில்தான் வக்கீலின் குமாஸ்தா, வயது முதிர்ந்தவர், கட்டைப் பிரித்தார். கார்பன் வைத்து எடுத்த கடைசி நகல் போலும். எழுத்துகள் எறும்பு ஊர்ந்த தடமாய் மங்கியிருந்தன. விரலை நனைத்துக்கொண்டு எண்ணினார். சாட்சிப் பட்டியலில் ஏழு பேர், வாக்குமூலங்கள் ஆறு. கிடங்குக் காவற்காரருடைய தாள் இல்லை.

"என்ன பாய், எண்ணிப் பாக்காமலா கையெழுத்துப் போட்டீங்க?" என்று அத்தாவைக் கேட்டார். அத்தா என்னைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

மனுச் செய்து அத்தாளைப் பெற்றோம். தம்பி நிரபராதி என்று அதில் எழுதியிருக்கவில்லை. விளக்கு வைக்கும் முன்பே கணக்குப்பிள்ளை சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார் என்ற ஒரே ஒரு வரி இருந்தது. போலீசாரிடம் சாட்சி சொல்லும் வாக்குமூலம் தானே சாட்சியமாகிவிடாது. கூண்டில் ஏறி அவர் மாற்றிச் சொல்வாரானால், முன்பு சொன்னதை எடுத்துக்காட்டி முரண்பாட்டை வெளிக்கொணர எதிர்த்தரப்புக்கு அது பயன்படும். கையில் நகல் இல்லாத வக்கீல் எதை எடுத்துக்காட்டுவார்? காவற்காரர் சாவியைப் பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்று கூண்டில் சொன்னபோது, எங்கள் வக்கீலின் கையில் அந்த வரி இருந்தது. 1990இல் தம்பி விடுதலையானான். அதற்குள் அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண்ணுக்கு வேறு இடத்தில் நிக்காஹ் நடந்துவிட்டது.

அந்நாளில் நடப்பிலிருந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 207ஆம் பிரிவு, முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், போலீசார் சார்ந்து நிற்கும் ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களைத் தாமதமின்றி, கட்டணமின்றி வழங்க வேண்டும் என்றது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 230ஆம் பிரிவு, குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆஜரான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் என்று வரையறுத்திருக்கிறது. நல்லதுதான்.

போலீசார் சார்ந்து நிற்கும் தாள்களுக்கு இது விதி. அவர்கள் கைப்பற்றிவிட்டு, வேண்டாமென்று ஒதுக்கிவைக்கும் தாள்களின் கதி என்ன? இதை நினைக்கும்போதெல்லாம் யூசுப் நபி (அலை) அவர்களின் சட்டைதான் என் நினைவுக்கு வரும். குற்றஞ்சாட்டிய பெண்ணின் வீட்டில் நின்றுகொண்டு, சட்டை முன்புறம் கிழிந்திருக்கிறதா பின்புறமா என்று பாருங்கள் எனச் சொன்னவர் அப்பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்தவரே. பின்புறம் கிழிந்திருந்தது, உண்மை துலங்கியது. அந்தச் சட்டையை எவரும் கேட்காமல் பெட்டியில் பூட்டியிருந்தால்? பார்த்த பின்னரும் நபியவர்களைச் சிறையில் இட்டார்கள் என்பதையும் திருமறை மறைக்கவில்லை.

நம் நாட்டில் இந்தக் கேள்வி தமிழகத்து வழக்கொன்றில் எழுந்தது. சென்னையிலிருந்து 2003இல் பெங்களூருக்கு மாற்றப்பட்ட சொத்துக்குவிப்பு வழக்கில் வி.கே. சசிகலா, அரசுத்தரப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டுச் சான்றாகக் குறியிடாமல் விட்ட ஆவணங்களைப் பார்க்க வேண்டுமென்றார். கீழே மறுத்தார்கள். 2012 செப்டம்பரில் நீதிபதிகள் ப. சதாசிவம், ரஞ்சன் கோகோய் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு அவற்றைப் பார்வையிட அவருக்கு அனுமதியளித்தது. 2017இல் அதே உச்சநீதிமன்றம், விசாரணை நீதிமன்றம் அவருக்கு விதித்த தண்டனையை மீண்டும் நிலைநாட்டியது. இவ்விரண்டிலும் முரண் ஏதும் எனக்குத் தோன்றவில்லை. தாள்களைக் காணும் உரிமை நிரபராதிக்கு மட்டும் உரியதென்றால், நிரபராதி யாரென்று தாள்களைக் காணும் முன்னரே முடிவு செய்ய வேண்டியிருக்கும். 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் இன்னும் ஓரடி முன்சென்று, சார்ந்து நில்லாத ஆவணங்களின் பட்டியலையும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழங்க வழிவகுத்தது. இருப்பது இன்னதென்று தெரிந்தால்தானே கேட்க முடியும்!

புதிய சட்டம் நகல்களை மின்னணு வடிவிலும் கொடுக்கலாம் என்கிறது. சென்ற ரமலானுக்குப் பின் பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருவன் தன் வழக்கின் நகல்களைப் பென்டிரைவில் கொண்டுவந்தான். அவர்கள் வீட்டில் கணினி கிடையாது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்து வரச் சொன்னேன். என் கண்ணுக்கு இப்போது சிற்றெழுத்துத் தெரிவதில்லை. ஆகவே சாட்சிப் பட்டியலை அவனை உரக்கப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாக்குமூலமாகத் தேடி எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தோம். இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை எண்ணினோம்.